இரண்டாம் கார்டில் ஒரு கை

திரையில் பிரஸ் காலியாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதே பிரஸ்ஸுக்குள், பூமாரியின் நீலக் கையுறை இருந்தது.

சுகப்பிரியா திரையைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். மறுபடியும் திரை. இரண்டும் ஒரே இடம்தான். இரும்புத் தகட்டை அடித்து வடிவாக்குகிற அந்த பிரஸ்ஸின் நெற்றியில் உட்கார்ந்திருக்கும் கேமரா, தகடு வைக்கிற இடத்தையே நாள் முழுக்கக் குனிந்து பார்க்கிறது. வெளியே பூமாரி கையை நீட்டித் தகடு வைத்தாள். திரையில் கை வரவில்லை. கையை எடுத்தாள், திரையில் ஒன்றும் மாறவில்லை. படத்தின் மூலையில் ஓடவேண்டிய கடிகாரம் நின்றுபோயிருந்தது.

படம் உறைந்துவிட்டது. எப்போது உறைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலி பிரஸ்ஸின் உறைந்த படம், காலி பிரஸ் மாதிரியேதானே இருக்கும்!

படத்தில் கை தெரிந்தால்தான், கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராம் பிரஸ்ஸிடம் 'நில்' என்று சொல்லும். ஒன்றும் தெரியாவிட்டால் வாயைத் திறக்காது. கண் அவிந்துபோனதுகூடத் தெரியாமல் அது பேசாமல் உட்கார்ந்திருந்தது. அதை நம்பி வெளியே பூமாரி, இரண்டு கையாலும் அழுத்தவேண்டிய இரண்டு பொத்தான்களில் வலது பொத்தானைத் தன் கறுப்புத் தலைமுடி ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தாள். அப்படிக் கட்டிவிட்டால் வலது கை தகடு வைத்துக்கொண்டே இருக்கலாம், இடது கை மட்டும் அழுத்தினால் போதும். வேலை வேகமாக ஓடும்.

"பூமாரீ! கைய எடுட்டீ! கைய எடு!"

குரல் கண்ணாடியில் முட்டி அவளிடமே திரும்பி வந்தது. வெளியே இரும்பு இரும்பை அடிக்கிற சத்தம். பூமாரி காதில் பஞ்சு வைத்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு ஓடு என்று புத்தி சொன்னது; அதற்குள் கை முந்திக்கொண்டது. சுகப்பிரியா இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியில் ஓங்கி அறைந்தாள்.

காலையில்தான், இதே இடத்தில் நின்றுகொண்டு, தெரிந்த கை ஒன்றைப் போகச் சொல்லியிருந்தாள் அவள்.

அந்தக் கம்பெனி ஒன்றும் பெரிய கம்பெனி இல்லை. ஒரகடம் ரோட்டில் பெரிய பெரிய மதில்களெல்லாம் முடிந்தபிறகு, அந்த மதில்களுக்குள் இருப்பவர்களுக்குச் சின்னச் சின்ன இரும்புப் பாகம் அடித்துக் கொடுக்கிற ஷெட்டுகளில் ஒன்று. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் ஒரே பஸ்ஸில் ஏறி இங்கே வந்து, ஒரே ஹாஸ்டல் அறையில் பாய் விரித்தார்கள். சுகப்பிரியா, பூமாரி, கனிஷ்கா. மூவரில் இளையவள் சுகப்பிரியா, பதினெட்டு. ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். மற்ற இருவரும் பிரஸ்ஸுக்குப் போனார்கள்.

பாகம் வாங்குகிறவர்கள் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஸ்ஸில் கை மாட்டாமல் இருக்கக் கூடுதலாக ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். சென்னையிலிருந்து இனியவன் என்ற என்ஜினியர் வந்தார். கேமரா மாட்டினார். கை என்றால் என்னவென்று புரோகிராமுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு கை வேண்டும் என்றார். மின்சாரம் பிடுங்கிய பிரஸ்ஸுக்கு முன்னால் கனிஷ்காவை உட்கார வைத்தார்கள். வெறும் கை, கையுறை போட்ட கை, எண்ணெய் படிந்த கை, பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை, கயிறு கட்டிய கை. உள்ளே வை, எடு, கொஞ்சம் சாய்த்து வை, எடு.

"என் கைக்கு ஆயிரக்கணக்குல போட்டோ," என்றாள் கனிஷ்கா. "மூஞ்சிய எடுக்கத்தான் ஒரு பயலயும் காணோம்."

"மூஞ்சியக் காட்டுனா பிரஸ்ஸு ஒரேயடியா நின்னுரும்ட்டி," என்றாள் பூமாரி.

எடுத்த படங்கள் அத்தனையிலும் கையைச் சுற்றிக் கட்டம் போட்டுக் கொடுத்தது சுகப்பிரியா. கனிஷ்காவின் கையை அவள் பெற்ற தாய்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள்.

கம்ப்யூட்டருக்குள், படங்களை அலசுவதற்கென்று, மூன்று கிராபிக்ஸ் கார்டுகள். மூன்று புரோகிராம்கள். ஒன்று கையைப் பார்ப்பது. ஒன்று அடித்து வந்த பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்று பாகத்தின் மேல் குத்திய எண்ணைப் படிப்பது. எந்தப் புரோகிராம் எந்தக் கார்டில் ஓடவேண்டும் என்று நாம்தான் எண் போட்டுச் சொல்ல வேண்டும் என்று இனியவன் சொல்லிக்கொடுத்தார்.

"சொல்லாம வுட்டீங்கன்னா மூணும் போய் மொதக் கார்டு மேலயே ஏறிக்கும். ஷேர் ஆட்டோல பின்சீட்டு காலியா கெடக்கும், எல்லாரும் டிரைவர் பக்கத்துல தொங்கிக்கிட்டு வருவாங்க பாருங்க, அந்தக் கதைதான். நீங்கதான் கண்டக்டர். நீ இங்க ஒக்காரு, நீ அங்க ஒக்காருன்னு சீட்டு போட்டுக் குடுக்கணும்."

"ஷேர் ஆட்டோல கண்டக்டர் ஏது சார்?" என்று கனிஷ்கா வாசலில் நின்று கேட்டாள்.

கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். பூஜ்யம், ஒன்று, இரண்டு. பூஜ்யம் கார்டின் விசிறி கொஞ்சம் சவலை. கரகரவென்று சுற்றும், சீக்கிரம் சூடாகும். அதனால் அதற்கு எண் படிக்கிற சின்ன வேலை. ஒன்றுக்குக் கீறல். மூன்றிலும் நல்ல கார்டான இரண்டுக்குக் கை. கார்டுகள் பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி என்பதால் இனியவன் அவற்றின் முதுகில் வெள்ளை மார்க்கரால் எண் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கனிஷ்கா வல்லக்கோட்டைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தாள். கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பியது. அவ்வளவுதான்.

அவள் போய்விட்டாள், அவள் கை மட்டும் தினமும் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தது. காலையில் புரோகிராமைத் தொடங்கினால், அது முதலில் தன் கண் சரியாக இருக்கிறதா என்று சேமித்து வைத்த மாதிரிப் படம் ஒன்றைப் பார்க்கும். கனிஷ்காவின் பச்சை வளையல் கை ஒரு விநாடி திரையில் தோன்றும், அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழும், படம் மறைந்து உண்மையான பிரஸ் தெரியும். முதல் வாரம் சுகப்பிரியா அந்த விநாடியில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. லைனில் இருந்த பெண்கள் அந்தப் புரோகிராமுக்கே அவள் பேரை வைத்துவிட்டார்கள். "கனிஷ்கா வந்துட்டாளாட்டி?" என்று கேட்பார்கள். வந்துவிட்டாள் என்றால் தலைமுடி ரப்பரைக் கழற்றிப் பொத்தானில் கட்டுவார்கள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவ்வளவு தைரியம்.

ஆயுத பூஜை வந்தது. லைன் சூப்பர்வைசர் அறிவுமதி மணிமங்கலத்துக்காரர்; சாமி காரியத்தில் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

"இன்னாம்மா, மேலாக்க தொட்ச்சா போதுமா? உள்ள எம்மாந் தூசி கீது பாரு. எல்லாத்தயும் வெளிய எடு."

சுகப்பிரியா மூன்று கார்டுகளையும் கழற்றினாள். காற்றுக் குழாயால் ஊதினாள். பூஜை மேஜையில் ஸ்பானர்கள், அளவுகோல்கள், சுத்தியல்கள் நடுவே செய்தித்தாளைப் போட்டு அவற்றை வைத்தாள். இனியவன் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் இரும்புக்கெல்லாம் பொட்டு வைக்கிற நாளில் கம்ப்யூட்டர் மட்டும் மூஞ்சி கழுவாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? கூட்டிப் பெருக்குகிற சந்திரம்மாள் மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியோடு வந்து மூன்றின் முதுகையும் பாசமாகத் துடைத்தாள். சந்தனம் வைத்தாள். குங்குமம் வைத்தாள்.

"ஐயோ யக்கா, அங்கன நம்பர் எழுதியிருந்துச்சே!"

"இன்னா கண்ணு நம்பரு, சாமிக்கு நம்பரு தெரியாதா? மூணும் ஒண்ணாத்தான் கீது. மூணு புள்ளைங்களாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகப்பிரியாவும் சிரித்தாள். ஈரம் காய்ந்தபிறகு, மேஜையில் இருந்த வரிசையை நினைவு வைத்து, கார்டுகளைத் திரும்பச் சொருகினாள். ஆனால் சுண்டல் வைக்க இடம் பண்ணுகிறேன் என்று யாரோ அந்தச் செய்தித்தாளை நகர்த்தியிருந்தார்கள். நகர்த்தும்போது வரிசை மாறியதா இல்லையா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, மின்சாரத்தை அணைத்து, பூட்டிவிட்டு இரண்டு நாள் லீவில் போனார்கள்.

இன்று காலை, லீவு முடிந்து முதல் ஷிப்ட். சுகப்பிரியா புரோகிராமைத் தொடங்கினாள். பச்சை வளையல் கை வந்தது. சிவப்புக் கட்டம் விழுந்தது. காலி பிரஸ் தெரிந்தது.

கை போகவில்லை.

பிரஸ்ஸின் படத்துக்கு மேலேயே, வெயிலில் காயப்போட்ட மெல்லிய துணி மாதிரி வெளிறி, கை கிடந்தது. வளையல் தெரிந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. கைக்கு அடியில் இரும்பு தெரிந்தது. புரோகிராம் அதைச் சுற்றிக் கட்டம் போட்டுக்கொண்டு 'நில், நில், நில்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பிரஸ் அசையவில்லை.

பூமாரி கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, ஏன் ஓடமாட்டேங்கு?" என்றவள் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சிரிக்கத்தான் பார்த்தாள், வாய் ஒத்துழைக்கவில்லை. "லீவு விட்டும் ஊருக்குப் போவாம இங்கனயேவா இருந்தா இவ?"

"சும்மா இருட்டி."

சுகப்பிரியா இனியவனுக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார். "பயப்படாதீங்க. பேயி இல்ல, பிசாசு இல்ல. கார்டுக்குள்ள மெமரின்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல பழைய படம் தொடைக்காம கெடக்கும். புதுசா வர்ற புரோகிராம் அதே எடத்துல ஒக்காந்தா சில நேரம் அது தெரியும். லாட்ஜ்ல முன்னாடி தங்குனவன் சட்டைய ஆணியிலயே வுட்டுட்டுப் போன மாதிரி. கம்ப்யூட்டர சுத்தமா ஆஃப் பண்ணிட்டு, கொஞ்ச நேரம் வுட்டுட்டுப் போடுங்க. கரன்ட் போனா எல்லாம் அழிஞ்சிரும்."

"சார், ரெண்டு நாளா கரன்ட்டே இல்லாமத்தான் கெடந்துச்சு."

"இன்னொரு தபா பண்ணிப் பாருங்க," என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அணைத்தாள். வயரைப் பிடுங்கி வைத்தாள். பூமாரி அவள் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் மூச்சுக் காற்று பட்டது. திரும்பப் போட்டாள்.

கை இருந்தது. ஆனால் பழையபடி இல்லை. பாதி மடங்கியிருந்த விரல்கள் இப்போது விரிந்திருந்தன. கை திரும்பியிருந்தது. உள்ளங்கை கேமராவைப் பார்த்து, ஐந்து விரலும் தனித்தனியாக, பஸ்ஸை நிறுத்துகிறவள் காட்டுவது மாதிரி.

பூமாரி அவள் தோளைப் பிடித்தாள். "இது அவ படமா? இப்படி ஒண்ணு எடுத்தாங்களா?"

அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் கட்டம் போட்டவள் சுகப்பிரியா. தகடு வைக்கிற கை எப்போதும் கவிழ்ந்துதான் இருக்கும். உள்ளங்கை தெரிகிற படம் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை.

அப்போதுதான் அறிவுமதி வந்தார். "இன்னாம்மா இது, லீவு முடிஞ்சி வந்தா மொத நாளே பேஜாரா கீது? ஒரு அடி வுழல. மத்தியானம் வண்டி வந்து நிக்கும், இன்னாத்த ஏத்துறது? ஒன் மூஞ்சியவா?"

"சார், கை தெரியுது சார். போவமாட்டேங்குது."

அவர் திரையைப் பார்த்தார். அவருக்கும் அந்த வளையல் தெரியும். ஒரு நொடி கண் அதிலேயே நின்றது. பிறகு வேறு பக்கம் பார்த்தார். "இந்தக் கார்டுல இருந்தாத்தான தெரியுது? வேற கார்டுக்கு மாத்தி வுடு. மூணு கீது இல்ல?"

அது நியாயமாகத்தான் பட்டது. சுகப்பிரியா யோசித்தாள். பூஜ்யம் சவலைக் கார்டு, அதில் போடக்கூடாது. ஒன்று நல்ல கார்டு. கீறல் பார்ப்பதை இரண்டுக்குத் தள்ளிவிட்டு, கையை ஒன்றுக்குக் கொண்டுவந்தால் ஒரு குறையும் வராது. புரோகிராமைத் தொடங்குகிற இடத்தில் இரண்டு என்று இருந்ததை அழித்தாள். ஒன்று என்று அடித்தாள். ஒற்றை எழுத்து. பிரஸ்ஸில் கை வைக்கிறவளின் உயிர் அந்த ஒற்றை எழுத்தில் இருப்பது தெரியாமல் இல்லை. அதனால்தான் இரண்டு முறை சரிபார்த்தாள்.

என்டர் பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை திரையைப் பார்த்தாள். உள்ளங்கை அப்படியே இருந்தது. "போயிருட்டி, கனிஷ்கா," என்று உதட்டுக்குள் சொன்னாள். "போயிரு."

அழுத்தினாள். கை மறைந்தது. சுத்தமான, காலியான, பளிச்சென்ற பிரஸ். பூமாரி தன் கையை கேமராவுக்கு அடியில் காட்டிச் சோதித்தாள். கட்டம் விழுந்தது, பிரஸ் நின்றது. எடுத்தாள், ஓடியது. எல்லாம் சரி.

"அப்பாடா," என்றார் அறிவுமதி. "காலீல போன அடிய மத்தியானத்துக்குள்ள எடுக்கணும். வெரசா போடு கண்ணு."

பூமாரி தலைமுடி ரப்பரைக் கழற்றினாள்.

அதற்குப்பிறகு சுகப்பிரியா அந்தத் திரையை அதிகம் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. மறுபடி வந்துவிட்டால்? கீறல் பார்க்கிற திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் ஏதோ கரகரத்தது. ஷெட்டின் இரைச்சலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, ஒரு தைரியத்தில், கடைக்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தாள்.

திரையில் பிரஸ் காலியாக இருந்தது.

அவள் கண்ணாடியில் அறைந்ததைக் கேட்டு, அல்லது அதிர்வைக் கண்டு, பூமாரி நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் விரிந்திருந்த இரண்டு உள்ளங்கைகளைப் பார்த்தாள். சாப்பிடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. இதோ வருகிறேன் என்பதுபோல இடது கையைத் தூக்கி ஆட்டினாள். ஆட்டிவிட்டுப் பழக்கதோஷத்தில் அதை இடது பொத்தான் மேல் போட்டாள். முகம் இன்னும் கண்ணாடிப் பக்கமே இருந்தது. வலது கை உள்ளே இருந்தது.

காலையிலிருந்து ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்த சத்தம் ஒருமுறை மட்டும் வேறு மாதிரி விழுந்தது. சத்தமே குறைவாக. மெத்தென்று.

பிறகு யார் சிவப்புப் பொத்தானை அடித்தது, யார் துணியைச் சுற்றியது, கம்பெனி வேன் எப்படி வாசலுக்கு வந்தது, சுகப்பிரியாவுக்கு ஒன்றும் ஒழுங்காக நினைவில்லை. வேன் கிளம்புமுன் அறிவுமதி அவளிடம் ஓடி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

"நீ பயந்துக்காத. பட்டன கட்னது அவ. ஒன் மேல ஒண்ணும் வராது. யாராச்சும் கேட்டா அதச் சொல்லு. கார்டு கீர்டுன்னு எதுவும் வாயத் தொறக்காத, இன்னா?"

அவள் தலையாட்டினாள். அவர் ஏறிக்கொண்டதும் வேன் போய்விட்டது.

ஷெட்டே நின்றுபோயிருந்தது. பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் கூடி அழுதார்கள். சுகப்பிரியா கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போய், கம்ப்யூட்டரை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். ஒன்றாம் இடத்தில் இருந்த கார்டைத் தொட்டாள். சுட்டது, விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதன் விசிறியை ஊதிப் பார்த்தாள். கரகரவென்று அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. துப்பட்டா நுனியால் பிடித்து வெளியே எடுத்து, அதன் முதுகில் இருந்த குங்குமத்தைச் சுரண்டினாள். அடியில் வெள்ளை மார்க்கரின் தடம் லேசாக, மஞ்சள் தண்ணீர் முழுக்க அழிக்காமல் விட்ட அளவுக்கு, வட்டமாக இருந்தது. பூஜ்யம்.

பூஜ்யமும் ஒன்றும் இடம் மாறியிருந்தன. சவலைக் கார்டின் மேல்தான் அவள் பூமாரியின் கையைத் தூக்கி வைத்திருக்கிறாள். அது சூடேறித்தான் படம் உறைந்திருக்கிறது.

இரண்டாம் இடத்துக் கார்டையும் எடுத்தாள். அதைச் சுரண்டும்போதே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. இரண்டு. அது மட்டும் நகரவே இல்லை. காலையில் அந்தக் கை தெரிந்தது சரியான இடத்தில்தான். நல்ல கார்டில். இனியவன் ஒதுக்கிய அதே கார்டில். அங்கேயே விட்டிருந்தால் பிரஸ் ஓடியிருக்காது. வண்டி காலியாகத் திரும்பிப் போயிருக்கும். அறிவுமதி கத்தியிருப்பார். வேறொன்றும் ஆகியிருக்காது.

அவள் கார்டுகளைச் சரியான வரிசையில் மாட்டினாள். எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டரைப் போட்டு, எண்ணை மறுபடி இரண்டு என்று மாற்றி, புரோகிராமைத் தொடங்கினாள். திரையை நேராகப் பார்த்தாள்; கண்ணை மூடவில்லை. பச்சை வளையல் கை வந்தது, கவிழ்ந்தபடி. கட்டம் விழுந்தது. கை மறைந்தது. கழுவாத பிரஸ் தெரிந்தது. மூலையில் கடிகாரம் ஒழுங்காக ஓடியது.

கை திரும்ப வரவில்லை. இனி வர அதற்கு வேலை இல்லை போல.

சேமித்து வைத்திருந்த படங்களையெல்லாம் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வெறும் கை, எண்ணெய்க் கை, கயிறு கட்டிய கை. தள்ளத் தள்ளக் கனிஷ்காவின் கைகள் ஓடின, கடைசிவரை. எல்லாம் கவிழ்ந்த கைகள்.

ஆஸ்பத்திரியில் பூமாரிக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருந்தது. சாயங்கால வெயில் அவள் வலது கைக் கட்டின் மேல் விழுந்து, அந்தப் பெரிய வெள்ளை உருண்டையை மஞ்சளாக்கியிருந்தது. சுண்டு விரல் போய்விட்டது. மோதிர விரலில் பாதி. மற்ற மூன்றைப் பற்றி டாக்டர் நாளைக்குத்தான் சொல்வாராம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறிவிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

சுகப்பிரியா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"உக்காருட்டி," என்றாள் பூமாரி. மயக்க மருந்தில் நாக்கு கனத்திருந்தது. "பாரு, குத்துச்சண்டைக்குப் போறவ மாதிரி கட்டி விட்டுருக்கான். ஒரு குத்து குத்தட்டா?"

சுகப்பிரியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பூமாரி, நாந்தான். அந்தக் கார்டு… நான் மாத்துனதுனாலதான். பூஜையில எடம் மாறியிருந்துச்சு. நல்லதுன்னு நெனச்சு நான் கெட்டுப்போனதுல தூக்கி வச்சுட்டேன். அவ இருந்ததுதான் சரியான கார்டு."

பூமாரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கோபம் வரும் என்று சுகப்பிரியா காத்திருந்தாள். வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரப்பரக் கட்டுனது நீயா?" என்றாள் பூமாரி கடைசியில்.

"இல்ல."

"பெறவு என்ன. அறிவுமதி சார் வேன்ல வரும்போதே சொல்லிட்டாரு, பட்டன நீதான் கட்டுன, நீதான் கட்டுனன்னு. மந்திரம் மாதிரி. எனக்கு வலியில சிரிப்பு வந்துட்டு." அவள் சிரிக்கவில்லை. "நீ காலையில கார்ட மாத்தும்போது நான் என்ன வேண்டுனேன் தெரியுமா? சீக்கிரம் போயித் தொலைடி, இன்னிக்கு அடி குறைஞ்சா ராத்திரியும் நின்னு ஓ.டி. போடச் சொல்லுவான்னு வேண்டுனேன். அவகிட்டயே. செத்தவகிட்டயே போயித் தொலைங்கேன்."

வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. பூமாரி கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கண் செருகிக்கொண்டு வந்தது. ஆனாலும் பிடிவாதமாகத் திறந்து வைத்திருந்தாள்.

"எல்லாம் விடு. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியமாட்டேங்கு. இங்க படுத்ததுலருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு கெடக்கேன்."

"என்னட்டி?"

"நம்ம ரெண்டு பேருந்தான அங்கன நின்னோம், பக்கத்துல பக்கத்துல. அவ கைய விரிச்சுக் காட்டுனால்லா, வேண்டாங்குற மாதிரி." பூமாரி கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கினாள், தூக்க முடியாமல் மெத்தையில் போட்டாள். "அத யாருக்குக் காட்டுனா? மாத்தாதன்னு ஒனக்கா, வைக்காதன்னு எனக்காட்டி?"